சங்கின் அடியில் சாய்ந்து நின்றவர்கள்

சதுக்கத்துப் புகைப்படக்காரன் பல்லி படம் எடுத்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று நகரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எடுத்துக்கொண்ட எல்லோருக்கும் இந்த விதி பொருந்தாது. படத்தில் ஆள் சாய்ந்து தெரிய வேண்டும். அப்படிச் சாய்ந்தவர், படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்குள் நிஜத்திலும் சாய்ந்துவிடுவாராம். இந்தப் பேச்சு காலையில் பேருந்து ஏறி ஊரைச் சுற்றிவிட்டு, மாலையில் திரும்பும்போது இரண்டு பிணங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இன்னொருவர் சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருந்த தையல்காரர்.

பல்லிக்கு இது கடைசியாகத்தான் தெரியவந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்த வாய் யாரைப் பற்றித் திறக்கிறதோ அவன் காதில் முதலில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சதுக்கத்துக்கு வருகிறவர்கள் அவனைக் கண்டதும் கொஞ்சம் சுற்றி நடந்தார்கள். கைப்பிடித்து வந்த குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். வெயில் என்று நினைத்தான். பிறகு பரீட்சைக் காலம் என்று நினைத்தான். கடைசியில் பலூன்காரர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தை அவிழ்த்தார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காத. நீ படுத்தா எவனோ ஒருத்தன் படுத்துடறான்னு பேசிக்கிறாங்க.”

படுப்பதுதான் பல்லியின் தொழில். பெயர் வந்ததும் அதனால்தான்.

சதுக்கத்தின் நடுவில் ஒரு கோபுரம் இருக்கிறது. வெள்ளைக் கான்கிரீட், ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து அப்படியே நிறுத்தி வைத்த மாதிரி அடியிலிருந்து நுனிவரை முறுக்கு. கட்டிய மேதை அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்து, கல்லில் செதுக்கியும் வைத்தார். கல் இன்னும் இருக்கிறது. ஜனங்கள் பார்த்த மாத்திரத்தில் சங்கு என்றார்கள். அதோடு பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது. உச்சியில் நகரம் முழுவதையும் பார்க்க வட்டமாக ஒரு தளம். அங்கே ஏறிப்போகக் கோபுரத்தின் முகப்பிலேயே ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் லிஃப்ட். முறுக்கிக் கட்டிய அந்தக் கட்டடத்தில் நேரானது என்று சொல்ல அந்தக் குழாய் ஒன்றுதான் உண்டு.

அத்தனை உயரத்தையும் அதன் அடியில் நிற்கும் மனிதரையும் ஒரே படத்தில் அடக்குவது லேசில்லை. கைபேசியில் எடுத்தால் ஒன்று சங்குக்குத் தலை இருக்காது, இல்லாவிட்டால் சித்தப்பாவுக்குக் கால் இருக்காது. பல்லி அதற்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். நீரூற்றுக்குப் பக்கத்தில் தரைக்கல்லோடு ஒட்டிக் குப்புறப் படுத்து, கேமராவைக் கல்லில் வைத்து, கழுத்தை மட்டும் தூக்குவான். சித்தப்பாவின் செருப்பு முதல் சங்கின் நுனி வரை எல்லாம் அடங்கும். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, குடைக்கடியில் இருக்கும் மடிக்கணினியில் போட்டு, பக்கத்துப் பிரிண்டரில் அடித்து, சூடாகக் கையில் கொடுப்பான்.

கீழேயிருந்து எடுத்தால் எதுவும் கொஞ்சம் கோணும். அது லென்ஸின் குணம். தொழிலுக்கு வந்த புதிதில் அவன் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஓர் அம்மாள் படத்தைத் திருப்பி நீட்டி, கோணல் கட்டடத்தைக் கூடத்தில் மாட்டினால் பார்க்கிறவன் என் வீட்டுச் சுவரைத்தான் குறை சொல்லுவான் என்றார். அன்றோடு விஷயம் முடிந்தது. கணினியில் ‘நேராக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. லிஃப்ட் குழாய் படத்தின் ஓரத்தோடு ஒத்து நிற்கும்வரை திருப்புவது, அச்சடிப்பது. விரல் தானாகச் செய்தது. பல் தேய்க்கிறவன் எந்தப் பல்லில் ஆரம்பித்தோம் என்று யோசிப்பதில்லை.

அந்த லிஃப்டை ஓட்டுகிறவள் அவன் மனைவி. சதுக்கத்தில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. சங்கு திறந்த புதிதில் அவனும் மேலே போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டு ஒருமுறை ஏறினான். நீலச் சீருடை இன்னும் கசங்காத ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, பையைத் தரையில் வைத்தால் பாரம் குறைந்துவிடுமா என்று கேட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டான். போகப்போக மற்றதையும் தூக்கிக்கொண்டான். கல்யாணம் என்பது அதுதானே. அதன் பிறகு அவன் மேலே போகவே இல்லை. மேலே நின்றால் ஊர் தெரியும், சங்கு தெரியாது. சங்கு இல்லாத படத்தை யார் வாங்குவார்கள்? அவன் கீழே ஒட்டிக் கிடக்க, அவள் நாள் முழுக்க அவன் தலைக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் எடுத்த அநேகம் படங்களில், கண்ணாடிக் குழாயில் ஒரு நீலப் புள்ளியாக அவளும் இருப்பாள்.

இந்தப் பேச்சு வந்தபின் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அதை அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாததுதான் அவனுக்குக் குத்தியது.

செத்தவர்களை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று ஒரு நாள் கிளம்பினான்.

தபால்காரர் உண்மையிலேயே இறந்திருந்தார். ஆனால் பல்லியிடம் படம் எடுத்துக்கொண்டவர் அவர் இல்லை, அவருடைய தம்பி. அந்தத் தம்பி கதவைத் திறந்து, பல்லியைப் பார்த்ததும் பாதிக் கதவை மூடிக்கொண்டு, மீதிக் கதவு வழியாகப் பேசினார். அண்ணன் தூக்கத்திலேயே போனாராம், நல்ல வயதாம், படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். இருந்தாலும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாராம். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

தையல்காரர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்ததோடு கடுங்கோபத்திலும் இருந்தார். கடையில் வெட்டுவதற்கு ஒரு துணிகூட இல்லை. பல்லியைக் கண்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளினார்.

“வாய்யா, என்னைச் சாகடிச்சவனே. உக்காரு. செத்தவன் கடையில எவன் துணி குடுப்பான்? ஒருத்தன் வந்தான், வாசல்லயே நின்னு எட்டிப் பாத்தான். இப்ப இந்தக் கடையை யாரு நடத்துறாங்கன்னு என்கிட்டயே கேக்குறான்.”

மேசைக்கடியிலிருந்து படத்தை எடுத்துப் போட்டார். சங்கு அம்பு மாதிரி நிமிர்ந்து நிற்க, அதன் அடியில் தையல்காரர் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தார். யாரோ மெதுவாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பது போன்ற சாய்வு. இந்தப் புகார் பல்லிக்குப் புதிதில்லை. சமீப காலமாகப் பலரும் படத்தைப் பார்த்துவிட்டு, நான் என்ன குடித்துவிட்டா நின்றேன் என்று கேட்டிருந்தார்கள். கல்லின் வாட்டம் அப்படி, வெயிலில் நின்ற களைப்பு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்து அனுப்பியிருந்தான்.

தையல்காரர் விடவில்லை. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவர் குளிக்கக்கூடப் போகமாட்டார் போல. படத்திலும் நாடா கிடந்தது. அதன் ஒரு நுனி வயிற்றுக்குக் கீழே வரை தொங்கியது. அதன்மேல் விரலை வைத்தார்.

“சரி, எனக்கு முதுகு கோணல்னே வச்சுக்குவோம். நாடாவுக்குமா முதுகு இருக்கு? தொங்குற பொருள் நேராத்தானே தொங்கும்? உன் படத்துல அதுவும்ல சாயுது. என்ன படம் எடுக்குற நீ?”

பல்லி படத்தைக் கையில் எடுத்தான். கடைக் கதவின் நிலைக்கு நேராகப் பிடித்து, நாடா அந்த நிலையோடு ஒத்து வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். தையல்காரர் நிமிர்ந்தார். அவர் காலடியில் இருந்த தரைக்கல் சமமானது. அவருக்குப் பின்னால், அதே அளவுக்கு, கோபுரம் வலப்பக்கம் குனிந்தது. வலப்பக்கத்தில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. படத்தில் அங்கே வரிசையாக ஜனங்கள் நின்றிருந்தார்கள்.

தையல்காரர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். “என்ன தம்பி, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? செத்தது நான்தானே?”

வீட்டுக்கு வந்து, கணினியில் நேராக்கி வைத்திருந்த பழைய படங்களை முதலிலிருந்து பார்த்தான். தொடக்க வருடங்களில் ஜனங்கள் கம்பம் நட்ட மாதிரி நின்றார்கள். நடுவில் சில வருடங்கள், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ரகசியத்துக்குக் காது கொடுப்பவர்கள்போல லேசாக. கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு, எதிர்க்காற்றில் நடப்பவர்கள்போல. புது மாப்பிள்ளை, கைக்குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், எல்லோரும் ஒரே பக்கம். அத்தனை படங்களிலும் சங்கு மட்டும் இம்மி பிசகாமல் நேராக நின்றது. அதை நிறுத்தி வைத்திருந்தது அவனுடைய ஒற்றை விரல்.

திருப்புவதற்கு முந்தைய படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினான். இடம் போதவில்லை என்று அச்சடித்த கையோடு அழித்துவிடுவது அவன் வழக்கம். புதிதாக எடுத்தாலும், அந்த லென்ஸில் எது லென்ஸின் கோணல், எது கோபுரத்தின் கோணல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மறுநாள் காலை ஒரு நூலில் கல்லைக் கட்டி, நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் லிஃப்ட் குழாயைப் பார்த்தான். நூல் ஆடியது. கை நடுங்குகிறதா, காற்றா, வேறு ஏதாவதா என்று முடிவு செய்வதற்குள் நீலப் புள்ளி ஒன்று குழாயில் ஏறிப் போயிற்று. நூலை விட்டுவிட்டான்.

கோபுரத்தின் மேலாளர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்வதற்குத்தான் சம்பளம் என்று அவருக்குத் தெரியும். சங்கின் தரைத்தளத்தில் அவர் அறை. வருடவாரியாக அடுக்கிக் கொண்டுபோன படங்களை அவர் மேசையில் பரப்பினான் பல்லி. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. பல வருடப் படங்கள், எல்லாவற்றிலும் கோபுரம் நேராக இருக்கிறது, இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்றார். வெளியே என்னென்னவோ பேசுகிறார்களாம், கூட்டம் குறைகிறதாம், அவருக்கு மேலே இருப்பவர்கள் காரணம் கேட்கிறார்களாம்.

பல்லி விளக்கினான். பொத்தானைப் பற்றிச் சொன்னான், நாடாவைப் பற்றிச் சொன்னான். நாடா காற்றில் பறந்திருக்கும் என்றார் மேலாளர். ஜனங்கள் எல்லோருமா காற்றில் பறந்தார்கள் என்று பல்லி கேட்டதும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இந்தக் கோபுரத்தை நேராக்கினது நீங்கதான்.”

“படத்துல சார். படத்துலதான்.”

“சரி. அப்ப உங்க படத்தை நான் நம்பலாமா, கூடாதா? நம்பலாம்னா கட்டடம் நேரா இருக்கு. நம்பக் கூடாதுன்னா எதுக்கு இதை என்கிட்ட கொண்டு வந்தீங்க?”

மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையில் இருந்த பேனா மெல்ல உருண்டு ஓரத்துக்கு வந்தது. அவர் அதைப் பார்க்காமலே பிடித்து எடுத்து, பழைய இடத்தில் வைத்தார். ஈ ஓட்டுகிற கைபோலப் பழகிய கை. பிறகு பரிவோடு ஒரு வார்த்தை சொன்னார். “படத்தைப் பாத்தா உண்மை பளிச்சுனு தெரியுதே தம்பி. கட்டடம் நேராத்தான் இருக்கு. ஜனங்கதான் சரியா நிக்கிறதில்ல.”

அந்த வாரமே சதுக்கத்தில் ஒரு பெரிய பலகை எழும்பியது. பல்லியின் படங்கள் வருடவாரியாக, ஆள் உயரத்துக்கு. மேலே, ‘அன்றும் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது’ என்று எழுத்து. அதன் பக்கத்தில் சிறிய பலகை ஒன்று: ‘படம் எடுத்துக்கொள்ளும்போது பொதுமக்கள் நேராக நிற்கவும். நிர்வாகம்.’ எழுதி வைத்தால் மட்டும் ஜனங்கள் கேட்டுவிடுவார்களா? கேட்க வைக்க ஒரு காவலாளியைப் போட்டார்கள். அவர் கையில் பிரம்பு இல்லை, குரல் இருந்தது. பல்லியின் கணினியில் வந்து விழும் முதல் படத்தைப் பார்ப்பார், ஆட்களைப் பார்ப்பார், கையை வலப்பக்கம் ஆட்டுவார். கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க, இன்னும், இன்னும் கொஞ்சம், ஆங், இப்ப நேரா இருக்கு என்பார். அதன் பிறகு எடுக்கும் படத்தில் எல்லாம் கச்சிதம். கோபுரமும் நேர், குடும்பமும் நேர்.

ஜனங்கள் திரும்பி வந்தார்கள். சாய்ந்தால்தானே சாவு? இப்போது யாரும் சாயவில்லை. பேச்சு செத்துப் போயிற்று, தையல்காரர் உயிர்த்தெழுந்தார். பலூன்காரர் பல்லியின் முதுகில் தட்டி, உனக்குச் சுக்கிர தசை என்றார். பல்லி தரையில் ஒட்டிப் படுத்து, கேமரா வழியாகப் பார்த்தான். அப்பா, அம்மா, பிள்ளைகள், மாமனார் என்று ஒரு முழுக் குடும்பம் கைகோத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கிச் சாய்ந்து நின்று சிரித்தது. அவர்களுக்குப் பின்னால், அதே பக்கம், அதே அளவு, சங்கு. சிரிக்காதது அது ஒன்றுதான். அவன் அழுத்தினான். அழுத்தாமல் என்ன செய்வான்? வரிசை காத்திருந்தது.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாடா, பழைய படங்கள், பேனா, மேலாளர் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். நாளையிலிருந்து நீ போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்றான். அவள் கத்தியை நிறுத்தவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகத்தான் இருக்க வேண்டும்.

“நாளைக்கு ஒரு தடவை மேல வாங்க,” என்றாள். “வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.”

மறுநாள் லிஃப்டின் முதல் நடைக்கே வரிசையில் நின்றான். கூட்டம் உள்ளே நுழையும்போது லிஃப்ட் அக்கா வாசலில் நின்று ஆட்களைப் பிரித்தாள். கொஞ்சம் கனமாக இருக்கிறவர்கள் இந்தப் பக்கம், ஒல்லியாக இருக்கிறவர்கள் அந்தப் பக்கம், கோபித்துக்கொள்ளாதீர்கள், லிஃப்டுக்கும் இடுப்பு வலி என்றாள். ஜனங்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் தான் எந்தப் பக்கம் என்று கேட்டார். நீங்கள் நடுவில், நீங்கள்தான் தராசு முள் என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. பல்லி சிரிக்கவில்லை. கனமானவர்கள் எல்லோரும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

லிஃப்ட் ஏறியது. தரைக்கற்கள், நீரூற்று, அவனுடைய குடை எல்லாம் சுருங்கிக் கீழே போயின. பாதி உயரத்தில் அவள் இருமினாள். சத்தமாக, நீளமாக. அந்த இருமலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. இரும்பு இரும்பைத் தேய்க்கிற சத்தம். இருமல் நின்றபோது அதுவும் நின்றிருந்தது. வீட்டில் அவள் இருமி அவன் கேட்டதே இல்லை.

மேலே கதவு திறந்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவன் மட்டும் உள்ளே நின்றான். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, காலால் அதைச் சற்றுத் தள்ளிக் காட்டினாள். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் இருந்த கால்கள் இரண்டுக்கும் அடியில் காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தடித்த, வழுவழுப்பான காகிதம். ஒன்றின்மேல் ஒன்றாக, அடியில் பழுத்தும் மேலே புதிதாகவும். குனிந்து பார்த்தான். எல்லாம் அவன் கழித்துப்போட்ட படங்கள். மை சரியாகப் பிடிக்காதவை, கண் மூடிக்கொண்டவர்கள். ஒரு மடிப்பின் ஓரத்தில் யாருடைய செருப்போ தெரிந்தது. இன்னொன்றில் சங்கின் நுனி.

“எப்பலேர்ந்து?”

“உங்களுக்கு நாடா சொல்லிச்சு. எனக்கு ஸ்டூல் எப்பவோ சொல்லிடுச்சு.”

“மேலாளர்கிட்ட சொல்லலையா?”

“சொன்னேன். வேற ஸ்டூல் தரேன்னாரு.”

வெளியே தளத்தில் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி ஊரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அது என்ன, இது என்ன என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. பல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டான். இப்போதே இறங்கிவிடலாம் என்றான். கூலி வேலை செய்தாவது காப்பாற்றுகிறேன் என்றான். மேலாளரை விட்டுத்தள்ளு, ஊரை விட்டுத்தள்ளு, நீ இறங்கு, அது போதும் என்றான். கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

அவள் ஸ்டூலை மறுபடி இருந்த இடத்துக்கே இழுத்து, காகிதங்களை ஒன்றுசேர்த்துத் தள்ளி, கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“நான் இறங்கினா நாளைக்கே இங்க ஒரு பொண்ணை உக்கார வைப்பாங்க. யாரு பெத்த பொண்ணோ. யாரை எந்தப் பக்கம் நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியாது. எந்த இடத்துல இருமணும்னும் தெரியாது. சத்தம் கேட்டதும் ஜனங்க பயந்து ஒரே பக்கமா ஓடுவாங்க.”

“அதுக்காக நீ சாகணுமா?”

“சாகுறேன்னு யாரு சொன்னது? நீங்க கீழ அவங்களைச் சாய வைக்கிறீங்க. நான் மேல நிக்க வைக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் உழைக்கிறோம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் கோபப்பட்டிருக்கலாம். அவள் வெங்காய விலை சொல்லுகிற குரலில் சொன்னாள். தளத்திலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். அவள் எழுந்து வாசலுக்குப் போய், கனமானவர்கள் இந்தப் பக்கம் என்று மறுபடி ஆரம்பித்தாள். அவன் நிற்க வேண்டிய பக்கத்தில் அவளே அவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். இறங்கும்போது அதே இடத்தில் இருமினாள். அவனும் கூடச் சேர்ந்து இருமினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கீழே வந்து வெளியேறும்போது அவள் அவன் கையைத் தொட்டு, ரகசியமாக ஒன்று கேட்டாள். மழைக்கப்புறம் ஸ்டூல் மறுபடி ஆடுகிறதாம். கழித்த படம் ஒன்று வேண்டுமாம். தடிமனாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னாள். சரி என்றான். வரிசையில் நின்றவர்கள் அவனை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

சரி என்று சொன்னவன் இன்னும் கொடுக்கவில்லை. கழித்த படங்களுக்குப் பஞ்சமில்லை. அவன் பை நிறைய இருக்கின்றன. தினமும் காலையில் ஒன்றை எடுத்து நாலாக மடிக்கிறான். மடித்ததைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, விரித்துப் பைக்குள்ளேயே போட்டுவிடுகிறான். உட்கார முடியாமல் போனால் ஒரு நாள் எழுந்து இறங்கி வந்துவிடமாட்டாளா என்று அவனுக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இருக்காது. தரையில் ஒட்டிப் படுத்து, சாய்ந்து நின்று சிரிக்கும் குடும்பங்களுக்கு மேலாக அவன் குழாயைப் பார்க்கிறான். நீலப் புள்ளி ஏறுகிறது, இறங்குகிறது. கொஞ்ச நாளாக அது உட்கார்ந்திருக்கவில்லை, நின்றபடியே ஏறுகிறது.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறாள்.

“என் காகிதம் எங்க?”

“மறந்துட்டேன்.”

“ஒத்தைக் காகிதம். அதைப்போய் இத்தனை நாளா பாக்கி வைப்பாங்களா?”

“நாளைக்குத் தரேன்,” என்கிறான் பல்லி.